காப்பு ஒதுக்கத் திட்டம் (ஐக்கிய அமெரிக்கா)

காப்பு ஒதுக்கத் திட்டம் என்பது, ஐக்கிய அமெரிக்காவில் தனியாருக்குச் சொந்தமான வேளாண் நிலங்களை, உரிமையாளரின் விருப்பத்தின் பேரில், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பயிர்ச்செய்கையில் இருந்து விலக்கி வைப்பதற்கு நடுவண் அரசு ஆண்டு வாடகை வழங்கும் திட்டம் ஆகும். விலக்கி வைக்கப்படும் நிலம் புல், மரம், புதர் அல்லது ஈரநிலத் தாவரங்களால் மூடப்பட வேண்டும். ஆங்கிலத்தில் இது கன்சர்வேசன் ரிசர்வ் புரோகிராம் என்றும், சுருக்கமாக சி.ஆர்.பி. என்றும் அழைக்கப்படுகின்றது. 1985 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம் இத்திட்டம் உருவாக்கப்பட்டது. மண்ணரிப்பைத் தடுப்பதும் மிகை விளைச்சலைக் குறைப்பதும் இதன் தொடக்க கால நோக்கங்களாக இருந்தன. பின்னர் நீரின் தரமும் காட்டுயிர் வாழிடப் பாதுகாப்பும் இணையான நோக்கங்களாகச் சேர்க்கப்பட்டன.

இத்திட்டத்தின் ஒப்பந்தங்கள் பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள் வரை நீடிக்கும். நிலத்தின் உரிமை மாறுவதில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் உரிமையாளர் மீண்டும் உழலாம். இதனால் அரசு வாழிடத்தை விலைக்கு வாங்குவதில்லை, வாடகைக்கே எடுக்கின்றது எனலாம். இத்திட்டத்தின் வெற்றிகளும் குறைபாடுகளும் பெரும்பாலும் இந்த ஓர் இயல்பில் இருந்தே தோன்றுகின்றன.

பின்னணி

ஐக்கிய அமெரிக்காவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 விழுக்காடு தனியாருக்குச் சொந்தமானது. தேசியப் பூங்காக்களும் அரசுக் காடுகளும் பெரும்பாலும் மேற்கு மாநிலங்களில் அமைந்துள்ளன. நாட்டின் நடுப்பகுதியில் உள்ள புல்வெளி மாநிலங்களில் நிலைமை வேறு. ஐயோவா, கேன்சஸ் போன்ற மாநிலங்களில் நடுவண் அரசின் நிலம் மொத்தப் பரப்பில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகும். ஒரு காலத்தில் உயரப் புல்வெளிகளாக இருந்த இப்பகுதிகள் 19 ஆம் நூற்றாண்டில் உழப்பட்டு, மக்காச்சோளம், கோதுமை, சோயா அவரை ஆகியவை விளையும் வயல்களாக மாறின.

புல்வெளிப் பறவைகள் தரையில் கூடு கட்டுபவை. அவற்றுக்கு மறைவான புல்லும், குஞ்சுகள் உண்ணப் பூச்சிகளும், அறுவடை எந்திரங்கள் நுழையாத சில வாரங்களும் தேவை. வரிசைப் பயிர் வயல்களில் இவை மூன்றும் கிடைப்பது அரிது. அரசுக்குச் சொந்தமான நிலம் மிகக் குறைவாக இருப்பதால், இப்பறவைகளின் எதிர்காலம் நில உரிமையாளர்களின் முடிவுகளைப் பொறுத்தே அமைகின்றது. அவர்களோ பெரும்பாலும் விளைச்சலின் வருமானத்தைக் கொண்டு வாழ்பவர்கள். இந்த இரண்டையும் எவ்வாறு பொருத்துவது என்பதே தனியார் நில வாழிடத் திட்டங்களின் அடிப்படைச் சிக்கல் ஆகும்.

வரலாறு

தூசுக் கிண்ணமும் மண் வங்கியும்

1930 களில் தெற்குப் பெருஞ்சமவெளிப் பகுதியில் நீண்ட வறட்சியும் அளவுக்கு மீறிய உழவும் சேர்ந்து பெரும் தூசுப் புயல்களை உருவாக்கின. இக்காலம் தூசுக் கிண்ணம் எனப்படுகின்றது. 1935 ஏப்ரல் 14 அன்று வீசிய புயல் கறுப்பு ஞாயிறு என அறியப்படுகின்றது. அதே மாதத்தில் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, மண் பாதுகாப்புச் சேவை என்னும் அமைப்பு உருவாக்கப்பட்டது. ஹியூ ஹாமண்ட் பென்னட் இதன் முதல் தலைவர் ஆவார். இந்த அமைப்பு 1994 இல் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை எனப் பெயர் மாற்றப்பட்டது.

நிலத்தை ஓய்வில் வைப்பதற்கு உழவருக்குப் பணம் கொடுக்கும் முறை 1956 ஆம் ஆண்டின் வேளாண் சட்டத்தில் மண் வங்கி என்னும் பெயரில் விரிவாக்கப்பட்டது. இதன் ஒரு பகுதியின் கீழ் 1960 இல் ஏறத்தாழ 2.87 கோடி ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது. மண் வங்கி காட்டுயிர்களுக்கென உருவாக்கப்பட்டதன்று. ஆயினும் தெற்கு டகோட்டா போன்ற மாநிலங்களில் ஃபெசன்ட் பறவைகள் அக்காலத்தில் பெருகின. 1960 களில் ஒப்பந்தங்கள் முடிந்து நிலங்கள் மீண்டும் உழப்பட்டபோது அவற்றின் எண்ணிக்கையும் சரிந்தது. இதே நிகழ்வு அரை நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் நிகழ்ந்தது.

1970 களும் 1985 ஆம் ஆண்டுச் சட்டமும்

1972 இல் சோவியத் ஒன்றியம் பெருமளவு தானியம் வாங்கியதைத் தொடர்ந்து தானிய விலைகள் உயர்ந்தன. அப்போதைய வேளாண் செயலாளர் ஏர்ள் பட்ஸ் நிலம் முழுவதையும் பயிரிடுமாறு உழவர்களை ஊக்குவித்தார். சரிவான நிலங்களும் மெல்லிய மண் கொண்ட நிலங்களும் உழவுக்கு வந்தன. பலர் கடன் பெற்று நிலம் வாங்கினர். 1980 சனவரியில் சோவியத் ஒன்றியத்துக்கான தானிய ஏற்றுமதியின் மீது தடை விதிக்கப்பட்டது. வட்டி வீதம் உயர்ந்து, விலைகள் வீழ்ந்து, 1980 களின் நடுப்பகுதியில் பண்ணைக் கடன் நெருக்கடி ஏற்பட்டது. மிகை விளைச்சல், மண்ணரிப்பு, உழவர் வருமான வீழ்ச்சி ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் அரசின் முன் நின்றன.

இச்சூழலில் 1985 டிசம்பர் 23 அன்று குடியரசுத் தலைவர் ரொனால்ட் ரேகன் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். காப்பு ஒதுக்கத் திட்டம் இச்சட்டத்தின் ஒரு பகுதியாகும். எளிதில் அரிக்கப்படும் நிலத்தைப் புதிதாக உழுவோருக்கும், ஈரநிலத்தை வடித்துப் பயிரிடுவோருக்கும் அரசின் வேளாண் உதவிகளை மறுக்கும் விதிகளும் இதே சட்டத்தில் இடம்பெற்றன. முதல் சேர்க்கை 1986 இல் நடைபெற்றது. 1990 அளவில் ஏறத்தாழ 3.39 கோடி ஏக்கர் நிலம் திட்டத்தில் இருந்தது.

நோக்கங்களின் விரிவாக்கம்

தொடக்க ஆண்டுகளில் அதிகப் பரப்பைச் சேர்ப்பதே முதன்மையாகக் கருதப்பட்டது. 1990 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், சேர்க்கைக்கு வரும் நிலங்களைச் சூழல் பயன்களின் அடிப்படையில் தரவரிசைப்படுத்தும் முறை கொண்டுவரப்பட்டது. 1996 ஆம் ஆண்டுச் சட்டம் காட்டுயிர் வாழிடத்தை மண், நீர் ஆகியவற்றுக்கு இணையான நோக்கமாக ஏற்றது. அதே ஆண்டில் ஆற்றங்கரைகள், வடிகட்டும் புல்பட்டைகள் போன்ற சிறிய ஆனால் பயன் மிக்க நிலத்துண்டுகளை ஆண்டு முழுவதும் போட்டியின்றிச் சேர்க்கும் தொடர் சேர்க்கை முறை தொடங்கப்பட்டது. 1997 இல் மாநில அரசுகளுடன் கூட்டாகச் செயற்படும் மேம்பாட்டுத் திட்டம் அறிமுகமானது. செசபீக் விரிகுடாவின் நீரைப் பாதுகாப்பதற்காக மேரிலாந்து மாநிலம் இதன் முதல் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது.

திட்டத்தில் சேர்க்கக்கூடிய உச்சப் பரப்பைப் பேரவை வேளாண் சட்டங்களில் நிர்ணயிக்கின்றது. அது மாறி வந்த விதம் பின்வருமாறு:

- 1996 ஆம் ஆண்டுச் சட்டம்: 3.64 கோடி ஏக்கர்
- 2002 ஆம் ஆண்டுச் சட்டம்: 3.92 கோடி ஏக்கர்
- 2008 ஆம் ஆண்டுச் சட்டம்: 3.2 கோடி ஏக்கர்
- 2014 ஆம் ஆண்டுச் சட்டம்: படிப்படியாகக் குறைத்து 2017 இல் 2.4 கோடி ஏக்கர்
- 2018 ஆம் ஆண்டுச் சட்டம்: படிப்படியாக உயர்த்தி 2023 இல் 2.7 கோடி ஏக்கர்

செயற்படும் முறை

இத்திட்டத்தை வேளாண் துறையின் கீழுள்ள பண்ணைச் சேவை முகமை நிருவகிக்கின்றது. கவுண்டி அலுவலகங்கள் வழியாக உழவர்கள் விண்ணப்பிக்கின்றனர். எந்த நிலத்தில் எதை நடுவது, எவ்வாறு பராமரிப்பது என்பன போன்ற தொழில்நுட்ப உதவிகளை இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை வழங்குகின்றது.

தகுதி

நிலம் ஏற்கனவே பயிர்ச்செய்கையில் இருந்ததாக இருத்தல் வேண்டும். சட்டத்தில் குறிக்கப்பட்ட ஆறு ஆண்டுகளில் குறைந்தது நான்கு ஆண்டுகள் பயிரிடப்பட்டிருக்க வேண்டும் என்பது பொது விதி. 2018 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இக்காலம் 2012 முதல் 2017 வரை ஆகும். பணம் பெறுவதற்காகவே புதிதாக உழுவதைத் தடுப்பது இவ்விதியின் நோக்கம்.

மண்ணரிப்புக்கு உட்படும் தன்மை ஓர் எண்ணால் அளவிடப்படுகின்றது. ஒரு நிலம் தாவர மூடல் ஏதும் இன்றி வெற்றாக இருந்தால் ஆண்டுக்கு எவ்வளவு மண் இழக்கும் என்பது மழையின் வேகம், மண்ணின் இயல்பு, சரிவின் நீளமும் செங்குத்தும் ஆகியவற்றைக் கொண்டு கணிக்கப்படுகின்றது. இந்த அளவை, அந்த மண் வளம் குன்றாமல் தாங்கக்கூடிய இழப்பின் அளவால் வகுத்தால் அரிப்புச் சுட்டெண் கிடைக்கும். சுட்டெண் 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது எளிதில் அரிக்கப்படும் நிலம் எனக் கொள்ளப்படும். எடுத்துக்காட்டாக, ஏக்கருக்கு 5 டன் இழப்பைத் தாங்கக்கூடிய மண், வெற்றாக இருக்கும்போது 40 டன் இழக்குமானால் அதன் சுட்டெண் 8 ஆகும்.

ஒரு கவுண்டியின் பயிர் நிலத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் திட்டத்தில் சேர்க்கக் கூடாது என்னும் பொது வரம்பும் உண்டு. நிலம் பெருமளவில் ஓய்வுக்குச் சென்றால் விதை, உரம், எந்திரம் விற்போரும் தானியக் கிடங்குகளும் பாதிக்கப்படுவதைக் கருதி இவ்வரம்பு வைக்கப்பட்டது.

சூழல் பயன் சுட்டெண்

பொதுச் சேர்க்கை அறிவிக்கப்படும்போது வரும் விண்ணப்பங்கள் நாடு முழுவதும் ஒன்றுடன் ஒன்று போட்டியிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் சூழல் பயன் சுட்டெண் என்னும் மதிப்பெண் கணக்கிடப்படுகின்றது. இதன் கூறுகள்:

- காட்டுயிர் வாழிடம்: 100 வரை
- நீரின் தரம்: 100 வரை
- மண்ணரிப்புத் தடுப்பு: 100 வரை
- ஒப்பந்தக் காலத்துக்குப் பின்னும் நீடிக்கும் பயன்: 50 வரை
- காற்றின் தரம்: 45 வரை
- செலவு: கேட்கும் வாடகை குறையக் குறைய மதிப்பெண் கூடும்

காட்டுயிர்க் கூறின் 100 மதிப்பெண்களில் பாதி எந்தத் தாவரங்கள் நடப்படுகின்றன என்பதற்கு வழங்கப்படுகின்றது. ஒரே வகை அயல்நாட்டுப் புல்லை மட்டும் விதைப்பவருக்குக் குறைந்த மதிப்பெண்ணும், அப்பகுதிக்கே உரிய பல வகைப் புற்களையும் பூச்செடிகளையும் கலந்து விதைப்பவருக்கு உயர்ந்த மதிப்பெண்ணும் கிடைக்கும். எனவே, தன் நிலத்தின் சரிவையோ மண்ணையோ மாற்ற இயலாத உழவர், விதைக் கலவையைத் தேர்வதன் மூலமும் வாடகையைக் குறைத்துக் கேட்பதன் மூலமும் தன் வாய்ப்பை உயர்த்திக்கொள்ள முடிகின்றது. கட்டாயம் ஏதுமின்றி, போட்டியின் வழியாக நல்ல வாழிடத்தை நோக்கி உழவரைத் திருப்புவது இம்முறையின் சிறப்பு ஆகும்.

கொடுப்பனவுகள்

ஆண்டு வாடகை அப்பகுதியில் மானாவாரி நிலத்துக்கு வழங்கும் குத்தகைப் பணத்தை அடிப்படையாகக் கொண்டு மண் வகைக்கேற்ப நிர்ணயிக்கப்படுகின்றது. 2018 ஆம் ஆண்டுச் சட்டம் பொதுச் சேர்க்கைக்கு இத்தொகையைக் கவுண்டி சராசரியின் 85 விழுக்காட்டுக்கும், தொடர் சேர்க்கைக்கு 90 விழுக்காட்டுக்கும் மட்டுப்படுத்தியது. புல் அல்லது மரம் நடுவதற்கான செலவில் பாதி வரை அரசு ஏற்கின்றது. ஒருவர் ஓர் ஆண்டில் பெறக்கூடிய வாடகை 50,000 டாலர் என வரையறுக்கப்பட்டுள்ளது.

கடமைகளும் தண்டமும்

ஒப்பந்தக் காலத்தில் அந்நிலத்தில் பயிரிடுதல் கூடாது. களைகளைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு உரிமையாளருடையது. பறவைகள் கூடு கட்டும் பருவத்தில் புல்லை வெட்டுவதற்கும் மருந்து தெளிப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. இப்பருவம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கடும் வறட்சிக் காலங்களில் கால்நடைகளை மேய்க்கவும் வைக்கோலுக்காகப் புல் அறுக்கவும் சிறப்பு அனுமதி வழங்கப்படுகின்றது. 2012 ஆம் ஆண்டின் வறட்சியின்போது இத்தகைய அனுமதி பரவலாக வழங்கப்பட்டது.

ஒப்பந்தத்தை இடையில் முறித்தால், அதுவரை பெற்ற தொகை முழுவதையும் வட்டியுடன் திருப்பித் தருவதோடு, ஓர் ஆண்டு வாடகையின் 25 விழுக்காட்டைத் தண்டமாகவும் செலுத்த வேண்டும். எடுத்துக்காட்டாக, ஏக்கருக்கு 50 டாலர் வீதம் 200 ஏக்கரை ஒதுக்கியவர் ஆண்டுக்கு 10,000 டாலர் பெறுவார். ஆறு ஆண்டுகளுக்குப் பின் விலகினால் அவர் 60,000 டாலரையும் அதன் வட்டியையும் 2,500 டாலர் தண்டத்தையும் செலுத்த நேரிடும். ஆகவே ஒப்பந்தக் காலத்துக்குள் விலகுவோர் குறைவு. ஒப்பந்தம் முடியும் நாளில் அவ்வாறு எந்தத் தடையும் இல்லை.

பொதுமக்கள் நுழைவு

திட்டத்தில் சேர்ந்த நிலம் தனியார் நிலமாகவே நீடிப்பதால், பொதுமக்கள் அதில் நுழைய உரிமை பெறுவதில்லை. உரிமையாளர் கட்டணம் பெற்று வேட்டையாட அனுமதிக்கலாம். கேன்சஸ் போன்ற சில மாநிலங்கள் உரிமையாளருக்குத் தனியாகப் பணம் கொடுத்து இந்நிலங்களைப் பொது வேட்டைக்குத் திறந்து விடுகின்றன. இத்தகைய மாநில முயற்சிகளுக்கு 2008 ஆம் ஆண்டுச் சட்டம் நடுவண் நிதியுதவி அளித்தது.

காட்டுயிர்களின் மீதான தாக்கம்

வாத்துகள்

வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா, மொன்டானா, மினசோட்டா, ஐயோவா ஆகிய மாநிலங்களின் பகுதிகளிலும் கனடாவிலும் பரந்துள்ள புல்வெளிக் குழிநிலப் பகுதி, பனியாறுகள் விட்டுச் சென்ற சிறு குளங்கள் நிறைந்தது. வட அமெரிக்க வாத்துகளில் பாதிக்கும் மேற்பட்டவை இங்கு பிறப்பதாக மதிப்பிடப்படுகின்றது. வாத்து குளத்தில் வாழ்ந்தாலும், மலார்ட் உட்படப் பல இனங்கள் குளத்தைச் சுற்றியுள்ள புல்லிலேயே கூடு கட்டுகின்றன. புல் குறுகிய பட்டையாக இருந்தால் நரி, ஸ்கங்க் போன்றவை கூடுகளை எளிதில் கண்டுபிடித்து விடுகின்றன. பரந்த புல்வெளியில் கூடுகள் தப்பும் வாய்ப்பு கூடுதலாகும். ஐக்கிய அமெரிக்க மீன் மற்றும் காட்டுயிர்ச் சேவையின் ஆய்வாளர்கள், 1992 முதல் 2004 வரையான காலத்தில் இப்பகுதியில் இத்திட்டத்தின் நிலங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் கூடுதல் வாத்துகள் உருவாகக் காரணமாயின என மதிப்பிட்டனர்.

ஃபெசன்ட்

கழுத்து வளைய ஃபெசன்ட் ஆசியாவைச் சேர்ந்த பறவை. 1881 இல் ஒரிகனில் விடப்பட்டு, பின் நாடெங்கும் பரவியது. தெற்கு டகோட்டாவின் மாநிலப் பறவையும் இதுவே. இலையுதிர்கால வேட்டைக்கு வருவோரால் அம்மாநிலத்தின் சிற்றூர்களுக்குக் கணிசமான வருமானம் கிடைக்கின்றது. 2008 இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு பகுதியில் இத்திட்டத்தின் புல்நிலம் 4 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடினால் ஃபெசன்ட் எண்ணிக்கை சராசரியாக 22 விழுக்காடு கூடுவதைக் கண்டறிந்தது.

சிறு புல்வெளிக்கோழி

எதை நடுவது என்பது எவ்வளவு முதன்மையானது என்பதற்குச் சிறு புல்வெளிக்கோழி நல்ல எடுத்துக்காட்டு ஆகும். கேன்சஸ் மாநிலத்தில் தொடக்கம் முதலே உள்நாட்டு உயரப் புற்களின் கலவை விதைக்கப்பட்டது. அங்கு இப்பறவை ஆர்கன்சஸ் ஆற்றுக்கு வடக்கே, நெடுங்காலம் காணப்படாத பகுதிகளுக்கும் பரவியது. டெக்சஸில் பெரும்பாலும் அயல்நாட்டுப் புல் வகைகள் ஒற்றைப் பயிராக விதைக்கப்பட்டன. அங்கு அத்தகைய பரவல் நிகழவில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் சேஜ் கிரவுஸ் பறவையும், இலினொயில் ஹென்ஸ்லோ சிட்டும் திட்டத்தின் நிலங்களைப் பயன்படுத்தி வருகின்றன.

பாப்வைட் காடை

தென்கிழக்கு மாநிலங்களில் தொடக்கத்தில் நெருக்கமான பைன் தோட்டங்களும் அடர்ந்த ஃபெஸ்கியூ புல்லும் பரவலாக நடப்பட்டன. இவை காடைகளுக்கு ஏற்றவை அல்ல. காடைக் குஞ்சுகள் அடர்ந்த புல்லினூடே நடக்க இயலாது. அவற்றுக்குப் புற்கொத்துகளுக்கு இடையே வெறும் தரை வேண்டும். இக்குறையைப் போக்க 2004 இல் வயல் ஓரப் பட்டைகளுக்கான தனி முறை அறிவிக்கப்பட்டது. வயலின் விளிம்பில் 30 முதல் 120 அடி அகலமான பட்டையை மட்டும் உள்நாட்டுப் புல்லுக்கு விட்டு, நடுவில் வழக்கம் போலப் பயிரிடலாம். மர நிழலாலும் எந்திரங்கள் திரும்புவதாலும் விளிம்பில் விளைச்சல் குறைவாகவே இருக்கும் என்பதால், உழவருக்கு இதில் இழப்பு சிறிது.

தாவரங்கள் முதிரும்போது புல்வெளியின் பயன் குறையும். எனவே ஒப்பந்தத்தின் இடைக்காலத்தில் கட்டுப்படுத்தப்பட்ட தீ, மேலோட்டமான உழவு போன்ற வழிகளில் நிலத்தைக் கிளறும் பராமரிப்பும் சேர்க்கப்பட்டது.

2007 க்குப் பின்னான சரிவு

திட்டத்தின் பரப்பு 2007 இல் 3.68 கோடி ஏக்கர் என்னும் உச்சத்தை அடைந்தது. அதன்பின் தொடர்ந்து குறைந்து, 2021 ஆம் ஆண்டளவில் 2 கோடி ஏக்கரைச் சற்றே கடந்த அளவில் நின்றது. இதற்கு மூன்று காரணங்கள் ஒன்று சேர்ந்தன.

முதலாவது, தானிய விலை. 2005, 2007 ஆம் ஆண்டுகளின் எரிசக்திச் சட்டங்கள் எரிபொருளில் எத்தனால் கலப்பதைக் கட்டாயமாக்கின. எத்தனாலின் மூலப்பொருள் மக்காச்சோளம். 2005 ஆம் ஆண்டு விளைச்சலுக்கு ஒரு புஷல் 2 டாலராக இருந்த சராசரி விலை, வறட்சி ஆண்டான 2012 இல் 6.89 டாலராக உயர்ந்தது. ஏக்கருக்கு 100 புஷல் விளையும் நிலத்தின் மொத்த வரவு 200 டாலரில் இருந்து 689 டாலராக உயர்ந்தபோது, 50 டாலர் அளவிலான வாடகை உழவரை ஈர்க்கவில்லை.

இரண்டாவது, ஒப்பந்தங்களின் காலம். 1997 இல் பெருமளவில் கையொப்பமான பத்தாண்டு ஒப்பந்தங்கள் சரியாக 2007 இல் முடிவடைய இருந்தன. அரசு பலவற்றுக்கு முன்கூட்டியே நீட்டிப்பு வழங்கியபோதும், அந்நீட்டிப்புகளும் சில ஆண்டுகளில் முடிந்தன. மூன்றாவது, வரவு செலவைக் குறைக்கும் நோக்கில் 2008, 2014 ஆம் ஆண்டுச் சட்டங்கள் உச்ச வரம்பையே குறைத்தன. இதனால் நிலத்தை மீண்டும் ஒதுக்க விரும்பிய சிலருக்கும் இடம் கிடைக்கவில்லை.

வடக்கு டகோட்டாவில் 2007 இல் ஏறத்தாழ 34 லட்சம் ஏக்கர் திட்டத்தில் இருந்தது. 2014 க்குள் அது பாதிக்கும் குறைவானது. உழப்பட்டவை திட்டத்தின் நிலங்கள் மட்டும் அல்ல. மேற்கு மக்காச்சோளப் பகுதியின் ஐந்து மாநிலங்களில் 2006 முதல் 2011 வரை நிகர அளவில் ஏறத்தாழ 13 லட்சம் ஏக்கர் புல்வெளி மக்காச்சோளம், சோயா வயல்களாக மாறியதாக 2013 இல் வெளியான செய்மதிப் பட ஆய்வு கூறியது. அதே ஆண்டில் தெற்கு டகோட்டாவின் கோடைக்காலக் கணக்கெடுப்பில் ஃபெசன்ட் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 64 விழுக்காடு குறைந்திருந்தது. 2012 இன் வறட்சியும் 2013 இன் குளிர்ந்த ஈரமான வசந்தமும் இதற்குக் காரணங்கள் ஆயினும், வாழிட இழப்பும் முதன்மையான கவலையாக எழுந்தது. அம்மாநில ஆளுநர் 2013 டிசம்பரில் ஹியூரான் நகரில் ஃபெசன்ட் வாழிட மாநாடு ஒன்றைக் கூட்டினார்.

2018 ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பை மீண்டும் உயர்த்தியதோடு, பணிபுரியும் மேய்ச்சல் நிலங்களுக்குக் குறைந்தது 20 லட்சம் ஏக்கரையும் ஒதுக்கியது. இவ்வகையில் உழவர் கால்நடைகளை மேய்த்துக்கொண்டே, புல்வெளியை உழாமல் காப்பதற்காகப் பணம் பெறலாம். 30 ஆண்டு ஒப்பந்தங்களுக்கான முன்னோட்டத் திட்டம் ஒன்றும் இச்சட்டத்தில் இடம்பெற்றது. 2024 இல் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 2.5 கோடி ஏக்கராக உயர்ந்தது. 2018 ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலம் 2023 இல் முடிந்தபின், புதிய முழுமையான வேளாண் சட்டம் உடனடியாக நிறைவேறாத நிலையில், குறுகிய கால நீட்டிப்புகள் மூலம் திட்டம் தொடரப்பட்டது.

விமர்சனங்கள்

- நிலையின்மை: பத்து ஆண்டுகள் வாடகை கொடுத்து உருவாக்கிய புல்வெளி ஒரே பருவத்தில் உழப்படலாம். மண்ணில் சேர்ந்த கரிமமும், குடியேறிய பறவைகளும் அத்துடன் இழக்கப்படுகின்றன. நிரந்தர உரிமம் வாங்குவதே மேல் என்பது ஒரு சாராரின் கருத்து. அதே பணத்தில் மிகக் குறைந்த பரப்பையே அவ்வாறு காக்க முடியும் என்பதும், தலைமுறைகளுக்குத் தம் நிலத்தைக் கட்டிவைக்க உழவர்கள் தயங்குவர் என்பதும் மறு சாராரின் கருத்து.
- கசிவு: ஓரிடத்தில் நிலத்தை ஓய்வில் வைத்தால், வேறிடத்தில் புதிய நிலம் உழப்படலாம். நடு மேற்கு மாநிலங்களைப் பற்றி 2000 இல் வெளியான ஓர் ஆய்வு, ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு 100 ஏக்கருக்கும் ஏறத்தாழ 20 ஏக்கர் புதிதாகப் பயிருக்கு வந்ததாக மதிப்பிட்டது.
- ஊரகப் பொருளாதாரம்: முழுப் பண்ணையையும் ஒதுக்கிவிட்டு உரிமையாளர் வேறு ஊருக்குச் செல்லும்போது, சிற்றூரின் கடைகளும் பள்ளிகளும் ஆட்களை இழக்கின்றன என்பது நெடுநாளைய குறை.
- இளம் உழவர்கள்: அரசு வாடகை, நிலக் குத்தகையை உயர்த்தி, புதிதாகத் தொழிலுக்கு வருவோருக்கு நிலம் கிடைப்பதைக் கடினமாக்குகின்றது எனப்படுகின்றது. இதற்கு ஈடாக, ஒப்பந்தம் முடியும் நிலத்தைப் புதிய உழவருக்குக் கொடுக்கும் உரிமையாளருக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு வாடகை வழங்கும் முறை 2008 இல் கொண்டுவரப்பட்டது.
- செலவு: திட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 180 கோடி டாலர் அளவில் செலவாகி வந்துள்ளது. தொடங்கிய நாள் முதல் 900 கோடி டன்னுக்கு மேற்பட்ட மண் அரிக்கப்படாமல் தடுக்கப்பட்டதாக வேளாண் துறை இச்செலவை நியாயப்படுத்துகின்றது.

தொடர்புடைய திட்டங்கள்

தனியார் நிலங்களில் வாழிடத்தைக் காக்க நடுவண் அரசு வேறு முறைகளையும் கையாள்கின்றது. அவற்றுள் சில:

- ஈரநில ஒதுக்கத் திட்டம்: 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தில் தோன்றியது. வடிக்கப்பட்ட ஈரநிலங்களை மீட்டெடுத்து, அவற்றின் மீது நிரந்தர அல்லது 30 ஆண்டு பயன்பாட்டு உரிமத்தை அரசு வாங்கியது. 2014 இல் இது வேளாண் பாதுகாப்பு உரிமத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது.
- காட்டுயிர் வாழிட ஊக்குவிப்புத் திட்டம்: 1996 இல் தொடங்கி, 2014 இல் சூழல் தர ஊக்குவிப்புத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது.
- மீன் மற்றும் காட்டுயிர்க் கூட்டாளிகள் திட்டம்: 1987 இல் மீன் மற்றும் காட்டுயிர்ச் சேவையால் தொடங்கப்பட்டது. வாடகை தருவதில்லை, வாழிடத்தை மீட்டெடுக்கும் பணிக்கு நிதியும் வல்லுநர் உதவியும் வழங்குகின்றது.
- பாதுகாப்பான புகலிட ஒப்பந்தம்: 1995 இல் வட கரோலினாவின் சாண்ட்ஹில்ஸ் பகுதியில், அருகிவந்த சிவப்புக் கொண்டை மரங்கொத்திக்காகத் தொடங்கப்பட்டது. தம் நிலத்தில் அருகிய உயிரினம் குடியேறினால் சட்டத் தடைகள் வரும் என அஞ்சிச் சில உரிமையாளர்கள் முதிர்ந்த பைன் மரங்களை முன்கூட்டியே வெட்டினர். வாழிடத்தை மேம்படுத்துவோர் மீது புதிய தடைகள் சுமத்தப்படா என இவ்வொப்பந்தம் உறுதியளித்தது.
- காட்டுயிர்க்கான பணிநிலங்கள் திட்டம்: 2012 இல் தொடங்கப்பட்டது. சேஜ் கிரவுஸ், சிறு புல்வெளிக்கோழி போன்ற குறிப்பிட்ட இனங்களின் வாழிடங்களில், பயிர்ச்செய்கையையோ மேய்ச்சலையோ நிறுத்தாமல் முறைகளை மட்டும் மாற்ற உதவுகின்றது.

இத்திட்டங்களுள் பரப்பில் மிகப் பெரியவற்றுள் ஒன்றாகக் காப்பு ஒதுக்கத் திட்டம் விளங்குகின்றது. ஒவ்வொரு முறை வேளாண் சட்டம் புதுப்பிக்கப்படும்போதும் அதன் உச்ச வரம்பும் வாடகை வீதமும் பேரவையில் மீண்டும் விவாதிக்கப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

- தூசுக் கிண்ணம்
- மண்ணரிப்பு
- ஈரநிலம்
- புல்வெளி
- எத்தனால் எரிபொருள்